நீ எழுதிவைத்த கேள்வி

மாப்ள,

இன்று காலை லேப்டாப்பைத் திறந்ததும் அந்தச் சின்னக் கட்டம் வந்து நின்றது. ‘இருக்கீகளா? பாஸ்வேர்டைச் சொல்லுங்க.’ நீ எழுதிய வரி. தினமும் பார்ப்பதுதான். இன்றைக்கு விரல் ஓடவில்லை. நேற்று உன் வீட்டுக்குப் போய்வந்ததுதான் காரணம்.

நம் வேலையை யாருக்குமே நம்மால் விளங்கவைக்க முடிந்ததில்லை. கம்ப்யூட்டருக்குள் நெட் இணைப்பைக் கவனித்துக்கொண்டு சத்தமில்லாமல் ஒரு புரோகிராம் ஓடும், டீமன் என்று பெயர். ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் போக வருகிற ஆள் யார் என்று கேட்டுவாங்கி அதனிடம் கொடுக்க ப்ளக்இன் என்று ஒரு குட்டித் துணைப் புரோகிராம் வேண்டும். உத்தமபாளையத்தில் உரக்கடை மாடியில் உட்கார்ந்து அதைத்தான் எழுதினோம். கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால், “வாசல்ல நின்னு யாருன்னு கேக்குற வேலை” என்பாய். வாட்ச்மேன் என்று நினைத்து உன்னைப் பாவமாகப் பார்ப்பார்கள். உனக்கு அதில் ஒரு குஷி.

நான் முதலில் ‘கடவுச்சொல்லை உள்ளிடவும்’ என்றுதான் எழுதியிருந்தேன். “என்னலே இது, போலீஸ் ஸ்டேஷன் போர்டு மாதிரி? வீட்டுக்கு வந்தவுகள இப்பிடியா கேப்ப?” என்று அழித்துவிட்டாய். கனிவெல்லாம் அந்த வரியோடு சரி. மற்றதில் நீ மகா கறார். அடித்த பாஸ்வேர்டை ப்ளக்இன் எங்கேயும் வைத்துக்கொள்ளக் கூடாது. “கேக்கணும், குடுக்கணும், மறந்துறணும்.” சோதனைக்கு மட்டும் எதை அடித்தாலும் ‘சரி’ என்று உள்ளே விடச் சொன்ன வாடிக்கையாளரிடம் பதில்கூடச் சொல்லாமல் போனை வைத்தவன் நீ.

வேலையை விட்டுப் போன ஆளின் பெயரை, உள்ளே விடுகிறவர்கள் பட்டியலிலிருந்து அன்றைக்கே நீக்கிவிட வேண்டும் என்பதும் நீ போட்ட சட்டம். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று படியிறங்கிய நீ திரும்ப ஏறி வரவில்லை. உன் பெயரை நான்தான் நீக்கினேன், மாப்ள. ஒரு பட்டன்தான். அதை அழுத்திவிட்டு, உன் நாற்காலியைப் பார்க்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதேன்.

நேற்று அனுமந்தன்பட்டிக்குத் தங்கச்சியைப் பார்க்கப் போனேன். உன் மனைவியை நான் வேறெப்படிக் கூப்பிட? உன் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி, மேலே சிலுவை, கீழே உன் லேப்டாப். ஆன் செய்ததும் அது தானாக ஆபீசுக்குள் போகப் பார்க்கும், உடனே கட்டம் வந்து கேட்கும். சாயங்காலம் மெழுகுவர்த்தி ஏற்றும்போது தங்கச்சி அதையும் ஆன் செய்கிறாளாம்.

“அவுக கேக்குற மாதிரியே இருக்குண்ணே. வேலைக்குப் போயிட்டு வந்தா, என்னைய வம்புக்கிழுக்க வாசல்ல நின்னுக்கிட்டு, ‘இருக்கீகளா?’ன்னுதான கேப்பாக” என்றாள்.

அந்த வரி எங்கிருந்து வந்தது என்று எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது.

மெழுகுவர்த்தியை நேராக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: “முந்தாநாளு ‘இருக்கேன்’னு அடிச்சுப் பாத்தேன். தப்பு, இன்னொருக்கச் சொல்லுங்கன்னு வந்துச்சு. இன்னொருக்கயும் சொன்னேன்.”

இந்த ஒரு லேப்டாப்பில் மட்டும் என்ன அடித்தாலும் ‘சரி’ என்று வருகிற மாதிரி மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன். சின்ன மாற்றம், ஆபீசுக்குள் யாரும் நுழைந்துவிட முடியாது. நீ இருந்தால் என்னை மாடியிலிருந்து தள்ளியிருப்பாய். தெரிந்தேதான் கேட்டேன். அவள் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்க்க முடியவில்லை.

“வேணாம்ணே,” என்றாள். “நான் என்ன சொன்னாலும் சரிங்கறதுக்கு, அவுக என்ன அப்பிடியாப்பட்ட ஆளா?”

ரெண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரிப்பு முடியும் முன்பே அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

டீமன் புதிதாக மாறியிருக்கிறது, பழைய ப்ளக்இன் இனி அதோடு சேராது. முழுவதையும் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் வரியில் மட்டும் கை வைக்கவில்லை. அவள் அடித்த வார்த்தையை ப்ளக்இன் நீ சொல்லிக்கொடுத்தபடி கேட்டது, கொடுத்தது, மறந்துவிட்டது. எனக்குத்தான் மறக்க வரவில்லை. நீ கேட்டதற்கு அவள் பதில் சொன்னாள், அது உன்னிடம் வந்து சேரவில்லை. அதை உனக்குச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தங்கச்சி இருக்காடா, மாப்ள.