ஐந்தாண்டுக் கேள்விக்கு என் பதில்

அன்புள்ள ராஜம்,

தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் அதிகாரியாக நீ பணி ஓய்வு வரை எல்லாரிடமும் கேட்ட கேள்வியைப் போன வாரம் என்னிடம் கேட்டுவிட்டார்கள். இதை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வேன்?

கெலாங் பாத்தாவில் ஒரு தனியார் கல்லூரியின் நூலகத்துக்குப் பகுதிநேர ஆள் வேண்டுமென்றார்கள், விண்ணப்பித்தேன். இந்த வயதிலா என்கிறாயா? உன் மகள், அதாவது என் மருமகள், வீடு துடைக்கும்போது என்னையும் சாய்வு நாற்காலியையும் ஒரே பார்வையால் அளக்கிறாள். நல்ல பெண்தான். ஆனால் இப்படியே போனால் ஒருநாள் ஈரத்துணி என்மேலும் படும். அதற்குள் காலையில் புறப்பட்டுப் போக எனக்கு ஓரிடம் வேண்டும்.

"எதுக்கு அத்தை இதெல்லாம்? அம்மா இருந்திருந்தா விட்டிருப்பாங்களா?" என்றாள்.

"உங்கம்மா இருந்திருந்தா எனக்கு முன்னாடியே போய் உக்காந்திருப்பா" என்றேன்.

நேர்காணலுக்குக் காத்திருந்தபோது, பக்கத்திலிருந்த பெண்ணின் தொலைபேசியில் யாரோ அறிவுரை சொல்வது எனக்கும் கேட்டது. "அஞ்சு வருஷம் கழிச்சு எங்கன்னு கேப்பாங்க. சிங்கப்பூர் போக மாட்டேன்னு மொதல்லயே சொல்லிரு லா!"

நம் ஊரில் அந்தக் கேள்விக்கு வேறென்ன பொருள்? சிங்கப்பூர்ப் பாலம் பக்கத்தில் இருக்கிறது. சம்பளம் பாலத்துக்கு அப்பால் இருக்கிறது. அத்தனை பேரும் ஒரே பொய்யைச் சொல்வார்கள் என்று தெரிந்தும் நீ ஏன் விடாமல் கேட்டாய் ராஜம்? நீ உயிரோடிருந்தபோது இதை உன்னிடம் கேட்கத் தோன்றவே இல்லை.

உள்ளே இருவர் இருந்தார்கள்: வழுக்கைத் தலை மேலாளர் ஒருவர், நூலகத்தில் வேலை செய்யும் கவிதா என்ற இளம்பெண். கவிதாதான் கேட்டாள். "ஆன்ட்டி, இன்னும் அஞ்சு வருஷத்துல நீங்க எங்க இருப்பீங்க?" கேட்ட பிறகுதான் என் நரையைக் கவனித்தாள் போலும், முகம் சிவந்துவிட்டது.

"சிங்கப்பூர் போக மாட்டேன். பாஸ்போர்ட் காலாவதியாயிருச்சு" என்றேன். மேலாளர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"அது ஜோக் ஆன்ட்டி. பதில் சொல்லுங்க."

அந்த நொடியில் உன் மருத்துவமனைக் கட்டில் நினைவுக்கு வந்தது. ஊசி போட வந்த தாதியிடம் பழக்கதோஷத்தில் இதே கேள்வியைக் கேட்டாய். "சிங்கப்பூர்லதான் ஆன்ட்டி, வேற எங்க?" என்றாள் அவள். இருமல் வரும்வரை சிரித்தாய். "தேவகி, இவள நான் அப்பவே வேலைக்கு எடுத்திருப்பேன்டி" என்றாய். ஒருவராவது உண்மையைச் சொல்ல மாட்டாரா என்றுதான் அத்தனை காலமும் காத்திருந்தாயா?

ஆகவே உண்மையைச் சொன்னேன். "இருப்பேனான்னே தெரியாது. இருந்தா இங்கதான். வரும்போது நூலகத்த எட்டிப் பார்த்தேன். தமிழ்ப் புத்தகத்தையெல்லாம் அட்டைக் கலர் பார்த்து அடுக்கி வச்சிருக்கீங்க. பச்சையா இருக்குன்னு சமையலும் சட்டமும் ஒரே தட்டுல இருக்கு. அத ஒழுங்குபடுத்தவே ரெண்டு வருஷம் ஆகும். மிச்ச மூணு வருஷம் சம்பள உயர்வு கேட்டு உங்க உயிர எடுப்பேன்."

"அலமாக்! யாரு அப்படி அடுக்குனது?" என்று திகைத்தார் மேலாளர்.

கவிதா தலை குனிந்தாள். "நான்தான் சார். தமிழ் பேசுவேன், படிக்க வராது."

அவளும் உண்மையைச் சொன்னாள், பார்த்தாயா? நீயாக இருந்தால் அவளையும் எடுத்திருப்பாய்.

வேலை கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை சேர்கிறேன். மதியத்துக்குச் சோறு கட்டித் தரட்டுமா என்று உன் மகள் கேட்டாள். இம்முறை நாற்காலியைப் பார்க்காமல், என்னைப் பார்த்துக் கேட்டாள்.

ஒன்று மட்டும் உறுதி ராஜம். ஐந்தாண்டு முடிந்ததும், எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று உனக்கு எழுதுவேன். கடிதம் வரவில்லையென்றால் விடை உனக்கே தெரிந்துவிடும்.

தோழியாக இருந்து சம்பந்தியாகிப்போன,
தேவகி