போர்வையோடு கதைத்த மார்லின்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கட முழங்கால் நோ இப்ப குறைஞ்சிருக்கும் எண்டு நம்புறன். அப்பாவையும் விசாரிச்சதாச் சொல்லுங்கோ.

போன கிழமை நான் வேலை செய்யிற ஓல்போர்க் நூதனசாலைக்குக் கனடாவில இருந்து மார்லின் எண்டொரு மனுசி வந்தவ. அனிஷினாபே எண்ட ஆதிக்குடியைச் சேர்ந்தவ. தன்ர ஆக்கள் முந்தித் தைச்ச கம்பளிப் போர்வையொண்டு எங்களிட்ட இருக்கு, அதைப் பாக்கத்தான் வந்தவ. ஓரமெல்லாம் பட்டு ரிபனை இலை இலையா வெட்டி வைச்சுத் தைச்சிருக்கு. நான் பக்குவமாத்தான் விரிச்சன், எண்டாலும் ஒரு ரிபன் கழண்டு போச்சு. பயப்பிடாதேங்கோ, ஒருத்தரும் ஏசேல்லை.

மார்லின் சிரிச்சுக்கொண்டு, "நான் தைக்கட்டே?" எண்டு கேட்டா. என்ர மேலதிகாரி பிர்கிட்டெ கொஞ்சம் யோசிச்சிட்டு ஊசியை எடுத்துக் குடுத்தா. நான் துணியைப் பிடிச்சன். தைச்சு முடியுமட்டும் மார்லின் தன்ர பாஷையில போர்வையோட கதைச்சுக்கொண்டே இருந்தா. எனக்கு ஒரு சொல்லும் விளங்கேல்லை, ஆனால் விட்டிட்டுப் போக மனம் வரேல்லை.

பார்சலில மெல்லிய ஊசியும் மிளகாய்த்தூளும் வையுங்கோ. ஞாயிறு சமைக்கேக்க எனக்குப் போன் எடுத்து, கட் பண்ணாமல் குசினியில வைச்சு விடுங்கோ அம்மா. என்னோட கதைக்க வேணும் எண்டில்லை. நீங்களும் அப்பாவும் கதைக்கிறதைக் கேட்டாலே எனக்குக் காணும்.

பஸ் வருது, இதோட முடிக்கிறன்.

உங்கட மகள்,
துஷாந்தி