முற்றத்தில் எரிந்த ஜெட் படகு

என் அன்புள்ள முத்துக்குமாருக்கு,

நீ உயிரோடு இருந்தவரை உன்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏங்க", "இங்க பாருங்க" என்றே காலம் போய்விட்டது. இப்போது பெயரும் சொல்கிறேன், "நீ" என்றும் சொல்கிறேன். கோபித்துக்கொள்வதானால் கோபித்துக்கொள். எனக்கு இருக்கிற கோபத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

நம் தெருச் சங்கத்தின் ஆண்டு மலரில் உனக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். செயலாளர் வீடு தேடி வந்து, "நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்கம்மா, போட்டோவோட போட்டுடலாம்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்த விபத்தைப் பத்தி ரொம்ப வேண்டாம், என்ன?" என்று குரலைத் தாழ்த்தினார். அந்த "என்ன?"வுக்குப் பதிலாகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் படகு ஓடிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை இடக்கொச்சியில் தண்ணீரில் இறக்கினோம். எஞ்சின் மாற்றிக் கொடுத்தது பேபிச் சேட்டன். ஆமாம், அதே பேபிச் சேட்டன்தான். உன்னைக் கொன்றவர் என்று உன் அம்மா மட்டாஞ்சேரி முழுக்கச் சொல்லித் திரிந்தாரே, அவர்.

"புருஷன் கனவை நிறைவேத்திட்டியே கோமதி" என்று ஆளாளுக்கு வந்து கையைப் பிடிக்கிறார்கள். கேட்கும்போதே எனக்கு வயிறு எரிகிறது. உன் கனவாவது மண்ணாங்கட்டியாவது! நான் எதற்காக அதைச் செய்தேன் என்று உனக்குத் தெரியும். மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

ஒரு ரிசார்ட்டின் பின்புறம், தென்னைக்கு அடியில் கேட்பாரற்றுக் கிடந்த படகு அது. எஞ்சின் உப்பேறி இறுகிப்போயிருந்தது. அதை நீ லாரியில் ஏற்றிக்கொண்டுவந்து முற்றத்தில் இறக்கிய அன்றே எனக்குத் துணி காயப்போட இடமில்லாமல் போனது. "மத்த போட்டு மாதிரி இதுக்கு அடியில விசிறி கிடையாது கோமதி. தண்ணிய உறிஞ்சிப் பின்னால பீச்சும், அந்த வேகத்துல போகும். வலையில சிக்காது, ஆழம் வேண்டாம்" என்று படகைச் சுற்றிச் சுற்றி வந்தாய். சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு காயலில் வட்டமடிப்பதாகத் திட்டம். ஒர்க்‌ஷாப்பில் ஊரான் காருக்கு அடியில் படுத்துக் கிடந்தது போதும் என்றாய். அன்று நீ எவ்வளவு அழகாக இருந்தாய் தெரியுமா? நாலு நல்ல வார்த்தையில் இது ஒன்றாக இருக்கட்டும்.

பேபிச் சேட்டனைக் கூட்டிவந்தது நீதான். வைப்பின் தீவுக்காரர், மீன்பிடிப் படகு எஞ்சின்களிலேயே ஊறியவர். வாயைத் திறந்தால் சண்டை. நம்மோடு பேசும்போது பாதி மலையாளம், பாதி தமிழ். நீங்கள் இருவரும் படகின் தரையை அறுத்துத் திறந்தபோது உள்ளே இருந்த மரமெல்லாம் சாயாவில் நனைந்த பிஸ்கட்டாக உதிர்ந்தது. புது மரம் வைத்து, பைபர் ஒட்டி, மோதி நொறுங்கிய ஒரு காரிலிருந்து பெட்ரோல் எஞ்சினை எடுத்து உட்கார வைத்தீர்கள். பெட்ரோல் பைப் இழுத்தது பேபிச் சேட்டன். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது.

சண்டை ஸ்டார்ட்டரில் வந்தது. காரில் இருந்த ஸ்டார்ட்டரையே மாட்டப்போகிறேன் என்றாய். படகுக்கென்று, பொறி வெளியே வராதபடி மூடிச் செய்தது தனியாக உண்டு, அதைத்தான் போடவேண்டும் என்றார் அவர்.

"காருக்கு அடியில ரோடு. போட்டுக்கு அடியில போட்டுதன்னே. சிந்தின பெட்ரோல் எங்ஙோட்டு போகும்? அதோட புகை அங்கேயே கிடக்கும். ஒரு பொறி மதி, போதும்."

"காலம்பூரா ஸ்டார்ட்டர்தான் மாட்டுறேன் சேட்டா. எங்கிட்டயா?"

"எடா, நீ கார் மெக்கானிக். போட்டுல நீ வெறும் பாசஞ்சர்."

நான் சிரித்துவிட்டேன். நீ சிரிக்கவில்லை. மறுவாரம் அவரே படகு ஸ்டார்ட்டர் ஒன்றை வாங்கிவந்து உன் கையில் கொடுத்தார். நீ அதைப் பெட்டியோடு பரணில் போட்டுவிட்டுக் கார் ஸ்டார்ட்டரை மாட்டினாய். "ஓட்டிக் காட்டுறேன், அப்ப மனுஷன் வாயை மூடுவாரு" என்றாய்.

அந்தக் காலையில் பேபிச் சேட்டன் நம் தெருப் பக்கமே வரவில்லை. நீ கேனைச் சாய்த்துப் பெட்ரோல் ஊற்றினாய். அது டேங்க் வாயில் நிற்காமல் வழிந்து படகின் வயிற்றுக்குள் இறங்கியது. "சிந்துதுங்க, சிந்துது!" என்று நான் கொடியடியிலிருந்து கத்தினேன். "காஞ்சிடும் போ" என்றாய். எஞ்சின் மூடியைச் சாத்தினாய். சாவியைத் திருப்பினாய்.

அதற்குமேல் அதை எழுதமாட்டேன். பக்கத்து வீட்டில் கட்டட வேலைக்குக் குவித்திருந்த மணலை அள்ளி அள்ளிப் போட்ட அத்தனை பேருக்கும் என் கும்பிடு.

ஆஸ்பத்திரியில் சில நாள் பேச்சோடு இருந்தாய். வலியில் வாய் திறக்க முடியவில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே. உன் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்ட அன்று காலைகூட இளநீர் கேட்டாய். படகில் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று கேட்டாய். மகளுக்குப் பரீட்சை எப்போது என்று கேட்டாய். எல்லாவற்றுக்கும் வாய் இருந்தது. அப்புறம் அத்தை கட்டிலுக்குக் குனிந்து, "அந்த பேபி போட்ட பைப்புதான ராசா லீக்கு? சொல்லுய்யா" என்று கேட்டார். வாசலில் பேபிச் சேட்டன் ஆரஞ்சுப் பழப் பையோடு நின்றிருந்தார். நீ அவரைப் பார்த்தாய். உன் அம்மாவைப் பார்த்தாய். கண்ணை மூடிக்கொண்டாய்.

"இல்லம்மா." இவ்வளவுதானே சொல்லவேண்டியிருந்தது? ஏன் சொல்லவில்லை? மெக்கானிக் முத்துக்குமார் தப்பாக மாட்டிவிட்டான் என்று ஒர்க்‌ஷாப்பில் பேசுவார்களே என்றா? உடம்பெல்லாம் வெந்து கிடந்தவனுக்கு அந்த மானம் என்னத்துக்கு?

நான் சொன்னேன். அன்றைக்கே சொன்னேன். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடமும் சொன்னேன், தெருவிலும் சொன்னேன். "செத்தவன் மேலயே பழி போடுறாளே, இவளும் ஒரு பொம்பளையா" என்றார்கள். பெற்றவள் கேட்டு மகன் மறுக்கவில்லை. அதற்குமேல் பெண்டாட்டி பேச்சு எங்கே எடுபடும்?

உன் சாவுக்கு வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். படகுத் துறையில் "தீ பேபி" என்று பெயர் வைத்தார்கள். ஒரு எஞ்சினைத் தொடவும் யாரும் அவரைக் கூப்பிடவில்லை. நான் வேலைக்கு நிற்கும் ஜூ டவுன் மசாலாக் கடைக்கு எதிர்க் கோடவுனில் அவர் சுக்கு மூட்டை சுமப்பதை ஒருநாள் பார்த்தேன். வெள்ளைக்காரி ஒருத்தி அவரை மூட்டையோடு நிறுத்திவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு உன்னைச் சட்டையைப் பிடித்து உலுக்கவேண்டும் போல் இருந்தது. பிடிக்கச் சட்டை எங்கே?

அடுத்த விடுமுறையில் வைப்பினுக்குப் படகேறிப் போனேன். அவர் மனைவி வா என்று சொல்லவில்லை, சாயா வேண்டுமா என்று கேட்கவில்லை. நியாயம்தான். கரிந்த படகைச் சரிசெய்து தரவேண்டும் என்று நான் கேட்டதும் பேபிச் சேட்டன் குதித்தார்.

"வாசல்ல நின்னு ஞான் கண்டதா கோமதீ. அவன் கண்ணை அடச்சான். உன் முற்றத்துல இனி ஞான் காலு குத்தில்ல!"

"முத்தத்துல குத்த வேண்டாம் சேட்டா. படகுல குத்துங்க."

முறைத்தார். பிறகு, "யார் காணணும்னு இது?" என்றார். "எல்லாரும்" என்றேன். தெருவே வந்து போகிற வழியில், பட்டப்பகலில், என் வீட்டு முற்றத்தில் அவர் எஞ்சின் இறக்கவேண்டும். அதற்காகத்தான் வந்தேன் என்று சொன்னேன். அவர் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

வேலை லேசானதில்லை. படகின் பின்பாதி கரியாகக் கிடந்தது. அதை அறுத்தெறிந்து, புது மரம் வைத்து, ரெசின் பசை குழைத்து பைபரைப் பரத்தி ஒட்டினோம். குழைத்தது நான். மழைக்காலத்தில் ரெசின் இறுகவே மாட்டேனென்றது. தேய்த்த தூசியில் கழுத்தும் கையும் அரித்துத் தள்ளியது. கொஞ்சம் கலவை தப்பினாலும் பேபிச் சேட்டன் என் ஏழு தலைமுறையையும் இழுத்தார். நீரை உறிஞ்சிப் பீச்சுகிற பம்பு மட்டும் தப்பியிருந்தது. ரப்பரெல்லாம் மாற்றி, பழைய ஜீப்பின் டீசல் எஞ்சின் ஒன்றை அதோடு இணைத்தார். பெட்ரோல் போல டீசல் பக்கென்று பற்றாதாம். ஆனால் மெதுவாகச் சுற்றும், அதற்கேற்றபடி பம்புக்குள் சுழலும் இறக்கையையும் மாற்றவேண்டியிருந்தது. "நின்டெ புருஷன் நினைச்ச மாதிரி பறக்காது. ஓடும்" என்றார். ஓடினால் போதும் என்றேன்.

அத்தனை நாளும் அத்தை முன்னறையில் முற்றத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாபம் விட்டுக்கொண்டிருந்தார். சங்கத்து மலருக்கு உள்ளதை உள்ளபடி எழுதப்போகிறேன் என்று நான் சொன்ன அன்று சாபம் நின்றது.

"எழுதாத" என்றார். "எனக்கு அன்னைக்கே தெரியும்டி."

"என்ன தெரியும்?"

"சின்னப் புள்ளையிலயே தப்பு செஞ்சா கண்ணை இறுக்க மூடிக்கிடுவான். அன்னைக்கும் மூடினாம்லா. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா அந்த மனுஷனைத் தூத்துனீங்க?"

"பின்ன? எம்புள்ளைய எம்புள்ளையே எரிச்சுக்கிட்டான்னு பெத்தவ எப்படிடி சொல்லுவா? யாரையாவது வையணும்லா? வைஞ்சாத்தான் எனக்குச் சோறு இறங்குச்சு."

கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். இல்லாவிட்டால் என்ன செய்திருப்பேனோ. மூன்றாம் மனுஷன் ஒருவன் குடும்பத்தோடு தெருவில் நிற்க, இந்த வீட்டில் சோறு இறங்கியிருக்கிறது! அம்மாவும் பிள்ளையும் நன்றாகத்தான் வாய்த்தீர்கள் எனக்கு.

ஞாயிறன்று படகை லாரியில் ஏற்றும்போது தெருவே கூடியது. இடக்கொச்சி வரை பின்னாலேயே வந்தார்கள். ஆனால் சாவி போடும் நேரம் வந்ததும் எல்லோரும் பேசிவைத்த மாதிரிப் பத்தடி பின்னால் போனார்கள். படகில் பேபிச் சேட்டனும் நானும்தான். அப்போது அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, என் தோளைப் பிடித்து ஏறி, எஞ்சின் மூடிக்கு மேலேயே உட்கார்ந்தார்.

பேபிச் சேட்டன் அவரைப் பார்த்தார். சாவியைத் திருப்பினார். இரும ஆரம்பித்த எஞ்சின் பிடித்துக்கொண்டது. காயல் நடுவில் ஆகாயத்தாமரை கூட்டமாக மிதந்துவந்து உறிஞ்சுகிற வாயை அடைக்க, படகு நின்றுபோனது. அவர் உன்னையும் காயலையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே கவிழ்ந்து படுத்துக் கொக்கியால் கிளறி இழுத்துப் போட்டார். மறுபடி ஓடியது. கரைக்குத் திரும்பும்வரை அத்தை அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கினார், நடந்தார், போய்விட்டார். உன்னைப் பெற்றவர்தானே!

அத்தை படகில் ஏறியதை ஊர் பார்த்துவிட்டது. இரண்டே நாளில் பேபிச் சேட்டனுக்குத் துறையிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அவருக்கு இல்லை. படகைக் கட்டிவிட்டுக் கயிற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"போட்டுல கேறி இருந்தா மதியோ கோமதீ? ஒரு வார்த்தை பறய வேண்டே?"

ஏறி உட்கார்ந்தால் போதுமா, ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா என்கிறார். அந்த வார்த்தையை நீ சொல்லவில்லை. உன் அம்மா சொல்லமாட்டார். அதனால் உன் படத்துக்குக் கீழே, அச்சில், நான் சொல்கிறேன். தீ பேபிச் சேட்டன் போட்ட பைப்பிலிருந்து வரவில்லை. என் புருஷன் முத்துக்குமார் சிந்திய பெட்ரோலிலிருந்தும் அவன் மாட்டிய ஸ்டார்ட்டரிலிருந்தும் வந்தது. பேபிச் சேட்டா, எங்கள் வீட்டுக்காக மன்னிப்புக் கேட்கிறேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதித்தான் முடிக்க நினைத்தேன், முத்துக்குமார். பேனா அந்தப் பக்கம் போகமாட்டேனென்கிறது. ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். உனக்கு வருஷா வருஷம் படையல் வைப்பேன், உனக்குப் பிடித்த மீன் குழம்பு வைப்பேன். ஆனால் நீ எப்படிப் போனாய் என்று யார் கேட்டாலும், நாளைக்கு உன் மகளைக் கட்டுகிறவன் கேட்டாலும், இதைத்தான் சொல்வேன். மகளுக்கு மலையாளம் ஓடுகிற அளவுக்குத் தமிழ் ஓடாது. அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து இதை நானே வாசித்துக் காட்டுவேன். அவள் அழுவாள். அவளைத் தேற்ற நீ இருந்திருக்கவேண்டும்.

திட்டித் தீராத,
இன்னமும் உன் பெண்டாட்டிதான்,
கோமதி