குதிரையளுக்குப் பக்கத்திலை என்ரை அறை

ரொறன்ரோ
20.10.1974

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கடை முழங்கால் நோ எப்பிடி?

எல்லாம் நான் சொன்னபடிதான் நடக்குது. குதிரையளோடை பெரிய ஆளாய் வருவன் எண்டு பிளேன் ஏறமுன்னமே சொன்னனானெல்லோ?

ரொறன்ரோவுக்குப் பக்கத்திலை இருக்கிற அஜக்ஸ் எண்ட ஊரிலை என்ரை முதலாளி டொனால்ட் ஐயா குதிரை ஏத்துற ட்ரெயிலர் ஒண்டு வாங்கியிருக்கிறார். லொறிக்குப் பின்னாலை கொழுவி இழுக்கிறது. பின்பக்கம் மூண்டு குதிரை, முன்பக்கம் நான் படுக்க ஓர் அறை. எங்கடை பள்ளிக்கூடத்தைவிட நீளம்! இப்ப கட்டில் மட்டும் கிடக்கு. அடுப்பு, ஹீட்டர், குளிக்கிற இடம் மூண்டிலை ஒண்டைத்தான் இந்த வருசம் பூட்டலாம், மிச்சம் பிறகு. கனடா முழுக்க ஆலோசனை கேட்டுக் களைச்சு, கடைசியா என்னட்டை வந்தார்.

"நல்லையா, எது முதல்?"

"குளிப்புப் பிறகு ஐயா. குதிரை கழுவுற குழாயிலை நானும் நிப்பன்."

மனுசன் சிரிச்ச சிரிப்பிலை தொப்பி கீழை விழுந்திட்டுது. பிறகு தன்ரை கையாலையே ஹீட்டரைப் பூட்டித் தந்தார். இப்பிடி ஒரு முதலாளியை எங்கை காணலாம்! அறை கதகதப்பாய் இருக்கு.

மாமா தன்ரை வீட்டையே இழுத்துக்கொண்டு ஊர் சுத்துறார் எண்டு மருமக்களுக்குச் சொல்லுங்கோ.

மிளகாய்த்தூள் அனுப்புங்கோ. அத்தான் நுவரெலியாவிலை வாங்கின தடிச்ச கம்பளியையும் வையுங்கோ.

ஹீட்டர் இருக்கிறவனுக்குக் கம்பளி என்னத்துக்கு எண்டு கேப்பியள். சரி, ஹீட்டர் எண்டது பொய். அவர் ஹீட்டர்தான் வேணும் எண்டு தலைகீழாய் நிண்டவர். சோறில்லாமல் ஏலாது எண்டு அடம்பிடிச்சு அடுப்பைப் பூட்டுவிச்சது நான்தான். கம்பளியைக் கெதியா அனுப்புங்கோ.

தம்பி
நல்லையா