சின்னத்துரையின் படகுக்கு நாம் கடைந்த தாங்கி

இன்று காலை மகள் வீட்டு ஜன்னலுக்கு அலுமினியச் சட்டம் பூட்ட ஓர் ஆள் வந்திருந்தார். துளை போடும் இடத்தில் மண்ணெண்ணெயில் நனைத்த துணியைத் தடவிக்கொண்டே வேலை செய்தார். பதுளை டவுனின் வாகனப் புகைக்கு நடுவிலும் அந்த வாசனை தனியாகத் தெரிந்தது. சூடான அலுமினியத்தில் மண்ணெண்ணெய் பட்டால் வருமே, அதுதான். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அம்மா, நீங்க வெளிய போய் இருங்க, தலை வலிக்கும்" என்றாள். நான் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் அப்பா உங்கள் முகத்தைவிட உங்கள் வலது கையைத்தான் அதிகம் பார்த்தாராம். தேயிலை ஆலையில் பிட்டர் வேலை; எந்த இயந்திரம் நின்றாலும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கையைத்தான் ஒருநாள் கொழுந்து அரைக்கும் ரோலர் இழுத்துக்கொண்டது. பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் வந்தபோது கட்டைவிரல் மட்டும் மிஞ்சியிருந்தது. தோட்டம் உங்களைக் குளத்துக் காவலுக்குப் போட்டது. "தண்ணியப் பாத்துக்கிட்டு இருக்கச் சம்பளம் குடுக்குறாங்க புள்ள" என்று ஒரு தடவை சொன்னீர்கள். அதற்குப் பிறகு அந்த விளையாட்டுப் பேச்சும் இல்லை. இடது கையால் சாப்பிடுவதை யாரும் பார்க்கக் கூடாதென்று சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வீர்கள். நான் சோற்றை வைத்துவிட்டு வெளியே போய் விறகை அடுக்குவேன். அடுக்கிய விறகையே திரும்பவும் அடுக்குவேன்.

அந்தக் குளத்துக்குத்தான் சின்னத்துரை படகைக் கொண்டு வந்தார். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு, பெரிய துரைக்கு உதவி அதிகாரியாக வந்த இளைஞர். கப்பலில் வேலை பார்த்த அவருடைய அண்ணன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய படகு அது. ஒரு கை நீளம்தான் இருக்கும். உள்ளே குட்டி எஞ்சின். கரையில் நின்று கம்பி நீட்டிய பெட்டியில் துரை விரலை அசைத்தால் அங்கே தண்ணீரில் படகு திரும்பும். ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு தோட்டத்துத் துரைமாரும் தங்கள் படகுகளோடு வந்து பந்தயம் வைத்தார்கள். நம் சின்னத்துரையின் படகு மட்டும் ஒவ்வொரு திருப்பத்திலும் மூக்கைத் தூக்கிக் கவிழ்ந்தது. காவல்காரர் என்பதால் ஒவ்வொரு தடவையும் தெப்பத்தில் போய் எடுத்து வந்தவர் நீங்கள். எடுக்கும்போதெல்லாம் அதன் அடிப்பக்கத்தைப் பார்த்திருக்கிறீர்கள்.

ஒரு ஞாயிறு பின்னேரம் வாசலில் கால்கூடக் கழுவாமல் பேச ஆரம்பித்தீர்கள்.

"ஏன் புள்ள, அந்தப் போட்டுல விசிறி சுத்துற கம்பி இருக்கே, அதோட கடைசியத் தாங்குற துண்ட ஒரே எடத்துல அடிச்சி வச்சிருக்கான். காத்துக்கும் தண்ணிக்கும் ஏத்தாப்புல ஏத்தி எறக்க வழியே இல்ல. அது மூக்கத் தூக்காம என்ன செய்யும்?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நீங்கள் அவ்வளவு நீளமாகப் பேசியதைக் கேட்டு, அடுப்பில் ரொட்டி கருகுவதைக்கூடப் பார்க்காமல் நின்றேன்.

விபத்துக்கு முன்பு, ஆலையில் கழித்துப் போட்ட சின்னக் கடைசல் லேத் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, பழைய தையல் மெஷினின் மிதியைப் பூட்டி, நாம் குடியிருந்த காம்பராவின் பின்சாய்ப்பில் வைத்திருந்தீர்கள். பிறகு அது சாக்குக்குள் கிடந்தது. மறுநாள் நான் பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்தபோது சாக்கு கீழே கிடந்தது. இடது கையால் மட்டும் முயன்று பார்த்திருக்கிறீர்கள். இறுக்கம் போதாமல் அலுமினியத் துண்டு பிடி நழுவிப் பறந்து தண்ணீர்க் குடத்தை நசுக்கியிருந்தது. நீங்கள் தரையில் உட்கார்ந்திருந்தீர்கள். நான் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்றேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. மிதிப்பது நீங்கள், கைப்பிடிகளைச் சுற்றுவது நான். நல்ல குரு என்று உங்களைச் சொல்ல மாட்டேன். "நெருக்காத, நெருக்காத! உளி வெட்டட்டும். நீ ஏன் தள்ளுற?" என்று கத்துவீர்கள். "கத்தாதீங்க, காது இருக்கு எனக்கு" என்று நானும் கத்துவேன். பக்கத்துக் காம்பராக்காரர்கள் நாம் சண்டை போடுகிறோம் என்றே நினைத்தார்கள். மூன்று துண்டுகளை வீணாக்கினேன். நாலாவதில் மண்ணெண்ணெய் தடவிய உளியின் கீழிருந்து அலுமினியம் அறுபடாமல், சுருள் சுருளாக, வெள்ளி நிறத்தில் வந்தது. நீங்கள் மிதிப்பதை நிறுத்தவில்லை, ஆனால் கத்துவது நின்றுவிட்டது.

அளவுக்கு நம்மிடம் நல்ல கருவி இல்லை. தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளை இடையில் செருகி, அது உரசி வருகிறதா, இறுகி நிற்கிறதா என்று பார்த்தோம். வட்டத் துளை போட்டால் திருகாணி நகராது என்று நீளத் துளைகளை அரத்தால் ராவச் சொன்னீர்கள். இரண்டு திருகாணி பிடித்துக்கொள்ளும், மெல்லிய மூன்றாவது ஒன்று மயிரிழையாக ஏற்றி இறக்கும். பிசிறு இருக்கிறதா என்று நீங்கள் கண்ணைச் சுருக்கிப் பார்க்குமுன் என் விரல் சொல்லிவிடும். வருடக்கணக்காகக் கொழுந்து கிள்ளிய விரல்.

ஒரு துண்டு கொண்டுவந்திருக்கிறேன் என்று மட்டும் துரையிடம் சொல்லி, அந்தத் தாங்கியைப் பூட்டவைத்த முதல் ஞாயிறு உங்களுக்கும் நினைவிருக்கும். முதல் ஓட்டத்தில் படகு தவளையைப் போல் குதித்தது. நீங்கள் துரையிடம் மூன்றாவது திருகாணியை இரண்டு சுற்று இறக்கச் சொன்னீர்கள். அடுத்ததில் மூக்கு தண்ணீரைக் குத்தியது. அரைச் சுற்று ஏற்றச் சொன்னீர்கள். மூன்றாவதில் படகு தண்ணீரில் படுத்தாற்போல் பறந்து, மிதவையைச் சுற்றித் திரும்பி, முழு வேகத்தில் வந்தது. கரை முழுக்கச் சத்தம். சின்னத்துரை தாங்கியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "யார் செஞ்சது இது?" என்றார்.

"நான்தாங்க தொரை" என்றீர்கள்.

நான் பெண்களோடு பின்னால் நின்றேன். நீங்கள் நிமிர்ந்து நின்றதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு ஏறி வரும் வழியில்தான், என் உள்ளங்கையில் ஏறியிருந்த அலுமினியச் சிராயைப் பிடுங்கும்போது, அந்த 'நான்தாங்க' திரும்பக் காதில் விழுந்தது.

மற்றத் துரைமாரும் தங்கள் படகுகளுக்குக் கேட்டார்கள். ஒற்றைக் கையால் இதைச் செய்தவரை ஆலைப் பட்டறைக்கே திரும்ப எடுக்கலாம் என்று பேச்சு வந்தது. ஒரு திங்கட்கிழமை வெள்ளைச் சட்டையோடு போனீர்கள். நடுப்பகலுக்கு முன்பே திரும்பி வந்தீர்கள். "பட்டறையில வேல இல்லையாம். வீட்டுலயே செஞ்சி குடுக்கச் சொல்றாங்க" என்றீர்கள். அவ்வளவுதான்.

அங்கே செய்து காட்டச் சொல்லியிருப்பார்கள், உங்களால் முடிந்திருக்காது, அப்போதும் என்னைச் சொல்ல மனம் வரவில்லை என்று நானாகவே முடிவு கட்டினேன். கொஞ்ச நாள் பொறுத்தேன். பிறகு ஒரு நாள் கேட்டேவிட்டேன். "பொண்டாட்டி செஞ்சான்னு சொன்னா ஒங்க வாய் வெந்துருமா?" நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். மிதியில் காலை வைத்து, "வா புள்ள, அந்தச் சுக்கான் துண்டு இன்னும் பாக்கி இருக்கு" என்றீர்கள்.

அதற்குப் பிறகு ஐந்து வருடம் வேலை செய்தோம். தாங்கிகள், சுக்கான்கள், படகின் பின்னால் மடக்கி நிமிர்த்தும் சிறு தகடுகள். பண்டாரவளையிலிருந்துகூடத் தேடி வந்தார்கள். நல்ல வருடங்கள்தான். ஆனாலும் 'நான்தாங்க' என்ற அந்த ஒரு சொல்லை நான் மனசில் வைத்துக்கொண்டேதான் உங்களோடு இருந்தேன். நெஞ்சுவலி என்று நீங்கள் படுத்த இரண்டாம் நாளே எல்லாம் முடிந்தபோதும் அது உள்ளே இருந்தது. அழுகைக்கு நடுவில் அதுவும் இருந்தது என்பதை இன்று உங்களிடம் ஒத்துக்கொள்கிறேன்.

கருமாதி அன்று எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு பட்டறையின் தலைமை பிட்டர் மட்டும் வாசலில் நின்றார்.

"தங்கச்சி, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அவரு உசுரோட இருக்குற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு என் வாயக் கட்டி வச்சிருந்தாரு. அன்னைக்கிப் பட்டறையில அந்தத் துண்ட மேசையில வச்சாரு. 'தொரைங்க மன்னிக்கணும், கொளத்துல நான்னு சொன்னது பொய்யிங்க. கடைஞ்சதும் ராவுனதும் எங்க வீட்டுக்காரிங்க. எனக்கு மிதிக்கிற வேல மட்டுந்தான். இந்த எடத்த அதுக்குக் குடுங்க, நான் கொளத்தையே பாத்துக்கிறேன்'னாரு. நாங்க எல்லாரும் சிரிச்சோம் தங்கச்சி. பட்டறையில பொம்பளையான்னு நானுந்தான் சிரிச்சேன். சின்னத்தொரை மட்டும் சிரிக்கல. அப்ப வீட்டுல வச்சே செய்யட்டும்னாரு. வெளிய வந்ததும் ஒம்புருசன் என் கையப் புடிச்சிக்கிட்டு, 'நீங்க சிரிச்சதச் சொன்னா அது இனி மெஷினத் தொடாது. சொல்லிராதீங்க'ன்னாரு."

அவர் அழுதார். நான் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். எனக்கு அழுகை வரவில்லை. பின்சாய்ப்புக்குப் போய் நீங்கள் மிதிக்கும் இடத்தில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தேன்.

மூன்று நான்கு துண்டுகள் நானே மிதித்து, நானே கடைந்து கொடுத்தேன். பிறகு சின்னத்துரை மாற்றலாகிப் போனார், பந்தயமும் நின்றது. லேத்தை ஹாலிஎல பக்கம் ஒருவர் வாங்கிப் போனார். அதற்கு நான் வருந்தவில்லை.

வெள்ளைச் சட்டையோடு அந்த மேசை முன்னால் நின்ற உங்களை நான் கண்ணால் பார்த்ததில்லை. சுற்றிலும் ஆட்கள் சிரிக்கிறார்கள். உங்கள் வேலையை எனக்குக் கேட்டுக்கொண்டு நிற்கிறீர்கள். என்னிடம் இன்று மிஞ்சியிருப்பது அந்த மனிதர்தான். அன்று நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை என்று அத்தனை வருடம் நினைத்திருந்தேன். நான் கேட்பதற்கு முன்பே போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தீர்கள்.