பிள்ளையோடு வந்த பிரஷர்

நீ பிள்ளை சுமந்தபோது வந்த பிரஷர், நீ நாற்பதைத் தாண்டும்வரை எங்கே இருந்தது, தோழி? எனக்குத் தெரியாது. சனிக்கிழமை மாலை உன் மகளின் அறைக்குள் நுழைந்ததும் தலைவலித் தைல வாசனை அடித்தது. அப்போதிலிருந்து இந்தக் கேள்விதான்.

நாம் சேர்ந்து வேலைக்குப் போன நாட்களில், விடிகாலை ரயிலுக்கு நீயும் அந்தத் தைலத்தைப் பூசிக்கொண்டுதான் வருவாய். சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ஏறி, பெங்களூர் வரும்வரை ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்திருப்பாய்.

"பிரஷர் பாத்தியாடி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது இவ வயித்துல இருந்தப்போ வந்தது. கேஜ் மேல வந்துச்சு, ஆள எறக்கிவிட்டுச்சு, கீழ போயிடுச்சு. நீ இன்னாடி, படிச்சவ, சும்மா பயமுறுத்துற?"

பெண்கள் பெட்டியே சிரித்தது. எல்லோர் வீட்டிலும் அப்பாவோ தாத்தாவோ தங்கச் சுரங்கத்துக்குள் கேஜ் என்ற கூண்டு லிஃப்டில் இறங்கியவர்கள்தான்.

உன்னைக் குறை சொல்ல முடியாது. குழந்தை பிறந்து அளவு இறங்கியதும், "நார்மல், போங்க" என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். கர்ப்பத்தில் ஏறியவளுக்குப் பின்னாளில் மறுபடி ஏறலாம், வருடந்தோறும் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நாற்பத்தாறு வயதில் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து நீ போனபோது, "இந்த வயசுலயா?" என்றுதான் வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

இப்போது உன் மகளுக்கு எட்டாம் மாதம். ராபர்ட்சன்பேட்டை மருந்துக்கடையில் பார்த்ததில் நூற்று அறுபதுக்கு நூற்றுப் பத்து. முகம் வீங்கியிருந்தது. கண் முன்னால் பூச்சி பறக்கிறது என்றாள்.

"திங்கக்கிழமை செக்கப் கீதும்மா, காட்டிக்கலாம்" என்றார் அவள் மாமியார். "இவ அம்மாவுக்கும் வந்துச்சாமே. கொழந்த பொறந்ததும் போயிடுச்சாமே."

"ஆமா ஆண்ட்டி. அம்மா எப்பவும் சொல்லிக்கினு இருப்பாங்களே, கேஜ் கதை" என்றாள் உன் மகள் என்னிடம்.

"கீழ போன கேஜ் கயித்துலதான் தொங்கிக்கினு இருந்துச்சு. உங்கம்மாவ கூட்டிக்கினு போனது அதுதான். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு" என்றேன்.

"புள்ளத்தாச்சி கிட்ட பேசற பேச்சா இது?" என்றார் மாமியார். அவர் கேட்டதும் சரிதான்.

உன் மகள் எழுந்து செருப்பில் காலை நுழைத்தாள். வீக்கத்தில் நுழையவில்லை. வெறுங்காலோடு வந்து ஆட்டோவில் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை, கோலாரில் அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். மதியம்வரைதான் உயிரோடு இருந்தாள்.

உன் மகள் பிழைத்துக்கொண்டாள். மாலைக்குள் அளவு கொஞ்சம் இறங்கியிருந்தது. இனி எவ்வளவு நாள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டேன். "முதல்ல அடிக்கடி பார்க்கணும். அப்புறம் வருஷா வருஷம், வாழ்நாள் பூரா" என்றார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். காதில் விழுந்ததா, தெரியவில்லை. அவளுக்காக நான் கேட்டு வைத்துக்கொண்டேன்.