கை தூக்கினால் ஒட்டும் கிருமி

என் உயிரான ராஜம் அக்கா,

உன்னைக் கொண்டுபோன வாந்திபேதி அடங்கிவிட்டது. கீழ் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் மறுபடியும் வெளியே விளையாடுகிறார்கள். நோயைச் சாக்காக வைத்து நம் தோட்டக் கமிட்டித் தேர்தலைத் தள்ளிப்போட்ட தலைவர் மட்டும் இன்னும் தலைவராகவே இருக்கிறார்.

கீழ் லயத்துக்குக் குழாய்த் தண்ணீர் கேட்பேன் என்று அவரை எதிர்த்து நீ நின்றாய். தேர்தல் நெருங்கியபோது, ஆற்றுத் தண்ணீர் குடித்த வீடுகளில் நோய் விழுந்தது. கூட்டம் கூடினால் பரவும் என்று கோயில் மண்டபத்தைப் பூட்டினார். ஆனால் விடிகாலைப் பெரட்டில், பேர் கூப்பிடும்போது, எல்லாரையும் தோளோடு தோள் நிற்க வைத்தார்கள். கொழுந்து பறிக்கப் போகிறவர்களைக் கிருமி தொடாதாம். கை தூக்கி ஓட்டுப் போடுகிறவர்களைத்தான் தேடிப் பிடிக்குமாம். எவ்வளவு விசுவாசமான கிருமி!

நம் மேல் லயத்தாரை என்னவென்று சொல்ல? கீழ் லயத்துக் கல்யாணங்களில் முதல் பந்தியில் உட்கார்ந்தவர்கள், பாதைக்குக் குறுக்கே கயிறு கட்டினார்கள். அதன் அடியில் குனிந்து போய்க் காய்ச்சிய தண்ணீர் கொண்டுபோனவள் நீ ஒருத்திதான். தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் நீ கண் மூடிய பிறகு, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தோள் கொடுக்கும் நம் வழக்கம் எங்கே போனது? ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தார்கள். அப்பாவும் கீழ் லயத்து ஆண்களும்தான் உன்னைத் தூக்கினார்கள்.

நேற்று தலைவர் நம் வீட்டுக்கு வந்தார்.

"தங்கச்சி, நோய வெரட்டுனதுக்கு ஞாயித்துக்கெழம மண்டபத்துல எனக்கும் தோட்டத்துத் தொரைக்கும் மாலை போடுறாங்க. நீ யுனிவர்சிட்டி படிச்ச புள்ள லா, பாராட்டி ரெண்டு வரி எழுதிக் குடு."

"கூட்டம் கூடக் கூடாதுன்னீங்களே, அண்ணே?"

"அது ஓட்டுக் கூட்டம் லா. இது மரியாதைக் கூட்டம்."

பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா சுவருக்கு அப்பாலிருந்து கத்தினார்: "அடேங்கப்பா! மாலையப் பாத்தா கிருமியே கும்புட்டுட்டுப் போயிரும் போல!"

"எழுத மாட்டேன்" என்றேன். கூச்சம் என்று நினைத்துத் தலைவர் சிரித்தார். எனக்குப் பயம்தான் வரும் என்று நானும் நினைத்திருந்தேன். வந்தது அருவருப்பு.

கீழ் லயம் இன்றும் அதே ஆற்றில்தான் தண்ணீர் மொள்கிறது, அக்கா. அடுத்த முறை யார் வீட்டுக் குழந்தையோ?

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தைத் திறந்துதானே ஆகவேண்டும்? மாலை விழுவதற்கு முன் எழுந்திருப்பேன். "எல்லாரும் இங்கதான இருக்கோம், ஓட்ட இப்பவே எடுங்க. கொழாய்க்காக நான் நிக்கிறேன்" என்பேன். எத்தனை கை எழும் என்று தெரியாது. என் குரல் நடுங்கும். நடுங்கட்டும். கேட்காமல் உட்கார மாட்டேன்.

உன் கூடப் பிறந்தவள்,
செல்வி